குழாய்க்குள் நிற்கும் இரத்தம்

டொக்டர் விளக்கிச் சொன்னபோது நான் அவருடைய மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படித்தவர்களுக்கு முன்னால் எனக்கு முகம் நிமிராது. மகளின் இதயத்தில் இருக்கும் ஓட்டையை மறுநாள் அடைக்கப்போகிறார்கள் என்பது விளங்கியது. மிச்சம் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றேன். "ஏலுமானவரை இரத்தம் குடுக்காமல் செய்யப் பாப்பம்" என்றார். அதற்கும் "ஓம்." காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

கலியாணமாகிப் பதினான்கு வருடத்துக்குப் பிறகு பிறந்தவள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. பால் குடிக்கவே வியர்த்துக் களைத்துவிடுவாள்.

காலையில் அவளை உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரத்தில், மனைவியின் தம்பி நீர்வேலியிலிருந்து ஆறு பேரோடு வாகனம் பிடித்து வந்து இறங்கினான். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு ஒப்பரேசன் என்றால் இரத்தம் கொடுக்கப் போகாமல் இருப்பது, செத்தவீட்டுக்குப் போகாமல் இருப்பது போல.

"அத்தான், இரத்தம் குடுக்க எங்கை போய்ப் படுக்கிறது? மூண்டு நாளா ஒருத்தரும் கள்ளுப் பக்கம் போகேல்லை. உந்த அண்ணை மட்டும் மூக்காலை மணந்து பாத்தவராம்."

"மணந்தது இரத்தத்திலை ஏறுமோடா?" என்று அந்த அண்ணை கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"இரத்தம் குடுக்காமல் செய்யினமாம்" என்றேன்.

சிரித்துக்கொண்டிருந்த தம்பிக்காரன் கிட்ட வந்தான்.

"நெஞ்சை வெட்டிறது இரத்தம் இல்லாமலோ? நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டனான்."

"கையெழுத்தும் வைச்சியளோ?"

தலையாட்டினேன்.

"ஐயோ அத்தான்! பிள்ளைக்கு இரத்தம் முடிஞ்சாலும் வேண்டாமெண்டெல்லோ எழுதிக் குடுத்திட்டியள்!"

வாங்குப் பலகையில் இருந்த மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

சத்திரசிகிச்சைக்கூடத்தின் கதவு வரை போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். மூன்றாம் தரம் தட்டிவிட்டேன். ஒரு தாதி எட்டிப் பார்த்தார்.

"மிஸ், நான் விளங்காமல் ஓம் எண்டிட்டன். பிள்ளைக்கு இரத்தம் குடுங்கோ. ஆக்கள் நிக்கினம். என்ரையையும் எடுங்கோ."

"இரத்தம் எடுத்து வைச்சிருக்கு ஐயா. தேவையெண்டால் உடனை குடுப்பினம். உங்கடை கையெழுத்து அதுக்கும் சேத்துத்தான்."

"பிறகேன் குடுக்காமல்...?"

"இந்தளவு பிள்ளையளுக்கு மற்றாக்களின்ரை இரத்தம் சிலவேளை நெஞ்சைப் பாதிக்கும். அதுதான் தவிர்க்கப் பாக்கினம். இதயத்தை நிப்பாட்டினால் ஒரு மிசின்தான் இரத்தத்தை ஓட்டும். அதின்ரை குழாயளை முதல் மருந்துத் தண்ணியாலை நிரப்ப வேணும். பிள்ளையிட்டை இருக்கிறதே ரெண்டு தேத்தண்ணிக் கோப்பை இரத்தம். கனக்கத் தண்ணி கலந்தால் அது தண்ணியாப் போயிடும், பிறகு இரத்தம் குடுக்கத்தான் வேணும்..."

"மிசினைக் கிட்ட வைச்சுக் கட்டைக் குழாய் பூட்டலாமே?"

எப்படி என் வாயில் வந்ததோ தெரியாது. வாழைக்கு மருந்தடிக்கும்போது, பீப்பாய்ப் பரலில் கலந்ததில் கொஞ்சம் மரத்துக்குப் போகாமல் குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். மருந்து குறைவான நாளில் மிசினையும் பரலையும் மரத்தடிக்கு இழுத்துக் நீளமில்லாத கட்டைக் குழாய் பூட்டித்தான் அடிப்பேன்.

தாதி என்னை உற்றுப் பார்த்தார். "அதைத்தான் செய்திருக்கினம். கட்டிலோடை ஒட்டி வைச்சு, மெல்லிய குழாய் பூட்டி. சோதனைக்கு எடுக்கிறதையும் சொட்டுக் கணக்கிலைதான் எடுக்கினம்."

வந்து சொன்னேன். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். தம்பிக்காரன், "எண்டாலும் நாங்கள் போகமாட்டம், ஆருக்காவது குடுத்திட்டுத்தான் போவம்" என்றான். கட்டைக் குழாய் என்றாலும் ரெண்டு கோப்பை ரெண்டு கோப்பைதானே. சுவர் மணிக்கூட்டைப் பார்க்காமல் இருக்கச் சுவருக்கு முதுகு காட்டி நின்றேன்.

மத்தியானம் கழிந்து டொக்டர் வெளியே வந்தார்.

"ஓட்டை அடைச்சாச்சு. இதுவரைக்கும் இரத்தம் குடுக்கேல்லை. நாளைக்குள்ளை குறைஞ்சால் குடுப்பம். சரியோ?"

"ஓம்" நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"எவ்வளவு குறைஞ்சால், டொக்டர்?"

கதவைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு, அவர் எங்களுக்குப் பக்கத்தில் வாங்கில் வந்து அமர்ந்தார்.