கங்காணி இல்லாத தெருக்கள்

பதுளைக்கு வருகிற துரைமார் துன்ஹிந்தை அருவியைப் பார்ப்பார்கள், முதியங்கனை விகாரையைப் பார்ப்பார்கள், திரும்பிப் போய்விடுவார்கள். தோட்டத்து ஜனங்களுக்குத் தெரிந்த பதுளையோ இன்னும் சின்னது. கோயில், கடைத்தெரு, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். 1913ஆம் வருஷம் தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அங்கம்மாவும் அதற்கு மேல் ஓரடி வைத்ததில்லை. தங்கை பூவம்மா தோட்டத்தை விட்டு ஓடிய பிறகுதான் மற்றத் தெருக்கள் அவளுக்கு அத்துபடியாயின.

பூவம்மா சும்மா ஓடவில்லை. புருஷன் செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, கங்காணி தன் மச்சானுக்கு அவளைக் கட்டிவைக்க நாள் பார்த்துவிட்டார். அந்த மகராசனுக்கு ஏற்கெனவே இரண்டு பெண்டாட்டிகள். வேறு தோட்டத்துக்குப் போகலாமென்றால் துண்டுச் சீட்டு வேண்டும். அதுவும் அதே கங்காணியின் கையில். சீட்டில்லாமல் ஓடினவள் பிடிபட்டால் மறியல்தான், ஜெயிலில் போட்டுவிடுவார்கள். அவளைப் பதுளைச் சந்தையில் கண்டதாக, காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் யாரோ கிசுகிசுத்தது அங்கம்மாவின் காதில் விழுந்தது. தாய் செத்தபோது ஒரு வயசில் கைக்கு வந்த பிள்ளை. அக்காவால் சும்மா இருக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியலில் எழுந்து நடந்தாள். சிங்களத் தச்சர்களின் தெரு, வண்டிக்காரர்கள் மாடு அவிழ்க்கும் ஓயா ஆற்றங்கரை, பறங்கிக் கிளாக்கர்மாரின் ரோஜாச்செடி வீடுகள், எல்லாம் பார்த்தாள். பார்த்தாள் என்றா சொன்னேன்? தெருமுனையோடு சரி. தோட்டத்தில் பிற லயத்து வீட்டு வரிசைக்குள் கேட்காமல் கால் வைத்தால் முதுகுத்தோல் உரிந்துவிடும். அப்படியே வளர்ந்தவள், டவுன் தெருவுக்கும் ஒரு கங்காணி இருப்பார் என்று நம்பினாள். கைகட்டி நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "ஐயா, இந்தத் தெருவுக்குக் கங்காணி யாருங்க? ஒரு வார்த்தை கேட்டுட்டு உள்ள போறேன்" என்பாள். சிரித்தவர்களே அதிகம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உத்தரவு கேட்காமல் நடக்கிற பாதை ஒன்றைக்கூட யாரும் அவளுக்குக் காட்டியதில்லை.

முஸ்லிம்கள் குடியிருந்த சந்தின் முனையில் மட்டும் நான்கு ஞாயிறு நின்றாள். தோட்டத்துப் பெண்ணொருத்தி அங்கே மாவிடிப்பதாகச் சந்தையில் கீரை விற்பவள் சொல்லியிருந்தாள். ஐந்தாவது ஞாயிறு நல்ல மழை. முதல் வீட்டு ஸைனப் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன புள்ள, கிழமைக்குக் கிழமை வந்து நிக்கிறே? நனையாம உள்ளுக்கு வா."

"கங்காணி ஐயா உத்தரவு தரணுமேம்மா."

"இங்க கங்காணியுமில்ல, தொரையுமில்ல. இது தெரு. ஆரும் வரலாம், ஆரும் போகலாம். வா புள்ள!"

அங்கம்மா தயங்கித் தயங்கி உள்ளே போனாள். கொல்லைப்புறத்தில் உரலுக்குப் பக்கத்தில் பூவம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். அக்காவைக் கண்டதும் ஓடிவரவில்லை. வாசலைத்தான் பார்த்தாள்.

"வெளிய எத்தனை பேரு, அக்கா?"

"என்னடி கேக்கிறே? நான் மட்டுந்தான்."

"நாலு வாரமா நீ தெருமுனையில நிக்கிறதப் பாத்தேன். கங்காணி ஆளுங்கள வச்சுக்கிட்டு நீ வழி மறிக்கிறேன்னு நெனச்சேன். நீ போற வரைக்கும் நெல்லு மூட்டைக்குப் பின்னாடியே ஒளிஞ்சு கெடந்தேன்."

அங்கம்மாவுக்கு நெஞ்சு வெடித்துவிட்டது. மரியாதைக்கு நின்ற நிலை, தான் வளர்த்த பிள்ளைக்குக் காவல்காரியின் நிலையாகத் தெரிந்திருக்கிறதே! தங்கையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஸைனப் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள். மழை விட்டதும் அங்கம்மா தோட்டத்துக்குத் திரும்பினாள்.

மறுநாள் பெரட்டில் கங்காணி அவளைத் தனியே கூப்பிட்டார்.

"வாரா வாரம் பதுளைக்கு ஓடுறியாமே. யாரத் தேடுற?"

"தங்கச்சியத்தாங்க."

"கெடைச்சாளா?"

"கெடைச்சாங்க. காய்ச்சல்ல செத்துப் போயி, பொதைச்சுட்டாங்களாம்."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. கங்காணிக்குச் சந்தேகம் வரவில்லை. அது வேஷம் போட்ட அழுகையா என்ன? லயத்துப் பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தார்கள். பதினாறாம் நாள் காரியமும் நடந்தது.

அதன்பிறகு அங்கம்மாவின் ஞாயிற்றுக்கிழமைகள் லயத்திலேயே கழிந்தன. செத்தவளைத் தேடி யார்தான் பதுளைக்குப் போவார்கள்?