தண்டலின் ஆறு நாடகங்கள்

தூத்துக்குடியில் ஜேசுபாதத்தின் நாடகத்தைப் பார்க்காத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மொத்தம் ஆறு நாடகங்கள், எல்லாம் ரோமாபுரியில் வேதத்துக்காக உயிர்விட்டவர்களின் கதை. முதல் ஐந்தையும் கோயில் திருவிழாக்களில் பெரியதாழை வரைக்கும் போட்டி போட்டுக்கொண்டு ஆடினார்கள்.

மனுஷன் தோணித் தண்டல். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிக்கு அவர்தான் தலைவர், ஆனால் கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுவார். கடலில் பாட்டும் வசனமும் கட்டிக்கொண்டு வந்து கரையில் சொல்லச் சொல்ல, யாராவது எழுதிக்கொள்ள வேண்டும். ஆறையும் ஆசையாக எழுதிக்கொடுத்தவர் மாதா கோயில் பங்குச்சாமியார் ஞானதீபம். சொல்லக்கேட்டு எழுதியவர் நோட்டின் கடைசியில் தம் பெயரைப் போடுவது வழக்கம். சாமியாரும் போட்டார். போட்டுவிட்டு, ஆறாவது நாடகம் மேடையேறும் முன்பே காலமாகிவிட்டார். அந்த நாடகம் ஆடப்படாமலே நின்றுபோனது.

எழுபத்துநாலில் திருவிழாக் கமிட்டி ஆறையும் அச்சுப்போட முடிவு செய்து, கல்லூரிப் பேராசிரியர் செந்தூர்பாண்டியை அழைத்துவந்தது. அவர் நோட்டுகளைப் புரட்டினார், சாமியார் பெயரைப் பார்த்தார், ஆராய்ச்சி முடிந்தது.

ஜேசுபாதத்துக்கு இருந்த ஒரே ஆசை, அட்டையில் தன் பெயர் வரவேண்டும் என்பது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனார்.

"ரோமாபுரி அரண்மனை நடப்பெல்லாம் நாடகத்தில் வருகிறது. படிக்காத தோணிக்காரருக்கு அது எப்படித் தெரியும்?" என்றார் பேராசிரியர்.

"ரோமாபுரிய நான் எங்க கண்டேன்? எங்க தோணி முதலாளி வீட்டுல நடக்கதத்தான் அரண்மனைன்னு எழுதச் சொன்னேன்."

கூட்டம் சிரித்தது. ஜேசுபாதம் விடாமல் முதல் நாடகம் முழுவதையும் நின்றபடியே சொல்லிக்காட்டினார். பேராசிரியர் மனமாரப் பாராட்டினார், அபாரமான ஞாபகசக்தி என்று.

ஆனால் ஆறாவது நாடகத்தின் கடைசிக் காட்சி எந்த நோட்டிலும் இல்லை. பக்கத்து ஊர்க்காரன் களவாண்டு ஆடிவிடுவான் என்று, மேடையேறும்வரை கடைசிக் காட்சியை எழுதவிடாமல் வாயிலேயே வைத்திருப்பது ஜேசுபாதத்தின் பழக்கம். கரையான் அரித்துவிட்டது என்று பேராசிரியர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஆனாலும் கமிட்டித் தலைவர் விக்டர் வீடு தேடி வந்தார்.

"அண்ணாச்சி, அந்தக் கடைசிக் காட்சிய மட்டும் சொல்லிட்டீங்கன்னா புஸ்தகம் முடிஞ்சிரும்."

"அட்டையில எம்பேரு போடுவீயளா?"

"அதுக்குப் பேராசிரியர் ஒத்துக்கமாட்டேங்காரே."

"அப்ப எழுதுனவர்ட்டயே கேளுங்க. கல்லறைத் தோட்டம் பக்கத்துலதான இருக்கு."

பேராசிரியர் அசரவில்லை. சத்தமில்லாமல் தானே ஒரு காட்சி எழுதிச் சேர்த்துவிட்டார். புத்தகம் சாமியார் பெயரில் வந்தது. ஊரெல்லாம் ஒரே புகழ்ச்சி. ஒரு பத்திரிகைக்காரர் மட்டும், கடைசிக் காட்சி சகிக்கவில்லை, இது அந்தக் கையே இல்லை என்று எழுதினார். பேராசிரியர் அடுத்த இதழிலேயே பதில் எழுதினார்.

அதை ஜேசுபாதத்தின் மனைவி பிலோமி உரக்க வாசித்தாள்: "அக்காட்சி சாமியாருடையதன்று. ஜேசுபாதம் என்ற தோணிக்காரரின் இடைச்செருகல்."

அச்சில் அவர் பெயர் வந்தது அதுதான் முதல்முறை. புத்தகத்தை எடுத்து அந்தக் காட்சியையும் வாசிக்கச் சொன்னார். கழுத்தில் கத்தி விழப்போகிற பெண் மூன்று பக்கத்துக்குப் பிரசங்கம் செய்தாள். ஜேசுபாதம் புத்தகத்தைப் பிடுங்கி மூடினார்.

"நான் எழுதுனேன்னு சொன்னப்ப ஒருத்தனும் நம்பல. இப்ப நான் எழுதலன்னு சொன்னா எவன் நம்புவான், ஏளா?"