பக்கத்து சீட்டில் எப்படி வருது?

போன வருஷம் அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த வாரம். நான் செஞ்சிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. விதைக் கம்பெனி ஒன்றில் கள வேலை எனக்கு. காலையில் காரை எடுத்தால் அவலூர்பேட்டை, மண்டகப்பட்டு என்று கடை கடையாக ஏறி இறங்கிவிட்டுச் சாயங்காலம்தான் வீடு. வீடு என்றால் மாடியில் ஒரு போர்ஷன். ஜன்னலைத் திறந்தால் கோட்டை மலை. அந்தப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி நமக்குத்தான் திருப்பிக் கொடுக்கும்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாண வாழ்க்கை முறிந்தபோது என் பங்குக்கு வந்தது அது. என் கணவராக இருந்தவருக்கு ஏசி ஐஸ் மாதிரி இருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு குளிர் ஆகாது. அந்தச் சண்டையைத் தீர்ப்பதற்கென்றே இரண்டு பக்கமும் தனித்தனியாகக் குளிர் வைத்துக்கொள்கிற வண்டியாகப் பார்த்து வாங்கினோம். வண்டி வந்தது, சண்டை தீரவில்லை.

அந்த ஏசிதான் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஜில்லென்று வந்துகொண்டே இருக்கும். திடீரென்று முகத்தில் அனல் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகும். மறுபடி சூடு. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்ட வேண்டியதுதானே என்பீர்கள். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. அனல் பட்டால் கண் மங்கிவிடும். ஒரு நாள் மண்டகப்பட்டு ரோட்டில் ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தபடி வெயில் தாழும்வரை கிடந்தேன். கார் ஓட்ட முடியாவிட்டால் இந்த வேலை இல்லை. இந்த வேலையும் போனால் என்ன செய்வேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

திண்டிவனம் ரோட்டில் தனியாளாக ஷெட் போட்டிருக்கும் ஏசி மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஷெட்டின் வேப்பமர நிழலுக்குப் போனதும் வண்டி சாதுவாகிவிடும். மீட்டரை மாட்டிப் பார்த்தார். "கேஸ் கரெக்ட்டா இருக்குது மேடம். கம்ப்ரஸரும் ஓடுது. ஒரு கம்ப்ளைண்டும் தெரியலியே" என்றார். மறுபடி போனேன், அதே பதில். அதற்கடுத்த முறை அவர் பார்த்த பார்வையே வேறாக இருந்தது. நானே இட்டுக்கட்டிக்கொண்டு வருகிறேனோ என்று நினைக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேற வேலை இல்லாமலா இங்க வந்து நிக்கிறேன்?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "சரி, ஒண்ணு சொல்லுங்க. சூடு வரும்போது உங்க பக்கம் மட்டும் வருதா, பக்கத்து சீட்டுலயும் வருதா? அங்க உக்கார்றவங்க இன்னா சொல்றாங்க?"

அந்த சீட்டில் கைப்பை வைப்பேன், விதைப் பாக்கெட்டுகளை வைப்பேன். செஞ்சிக்கு வந்ததிலிருந்து அதில் ஒரு மனுஷர் உட்கார்ந்ததில்லை. நான் முழிப்பதைப் பார்த்து, "சாரை கூட்டிக்கினு ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. அது தெரிஞ்சா போதும், பிரிச்சிடலாம்" என்றார். கூட்டிட்டு வரேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நானே பார்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் குளிர் வந்துவிடும். ஓட்டிக்கொண்டே அந்தப் பக்கம் கையை எட்டினேன், வண்டி விலகிப்போய் எதிரே வந்த லாரிக்காரர் என் பரம்பரையையே திட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். உரக்கடை, தண்ணி கேன், கேஸ் சிலிண்டர், ஹவுஸ் ஓனர். கொஞ்ச நேரம் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்று கேட்க இந்த ஊரில் எனக்கு ஒரு பெயர்கூட இல்லை. விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்ட அன்று அழாதவள் நான். அன்றைக்கு அழுதேன்.

மறுநாள் உச்சி வெயிலில் அவலூர்பேட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். நிழலே இல்லாத ஒரு ஸ்டாப்பிங்கில் என் வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தார். சித்தாள் வேலை போலிருக்கிறது; புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, அது முழுக்க சிமெண்ட். என்ன தோன்றியதோ, நிறுத்தினேன்.

"செஞ்சிக்கா அக்கா? ஏறுங்க. ஆனா எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும்."

அவர் ஓரடி பின்னால் போனார். விஷயத்தைச் சொன்னதும், "அவ்ளோதானா? நான் இன்னாவோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டே ஏறினார். சீட்டு அழுக்காகிவிடும் என்று நுனியில்தான் உட்கார்ந்தார். தன் பக்கத்து ஏசி துவாரத்தில் உள்ளங்கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. நான் கேட்காமலே, "ஜில்லுன்னு இருக்குது... இப்பவும் ஜில்லுதான்" என்று தகவல் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில், "சாப்டியாம்மா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். இந்தக் கேள்வியை என்னிடம் யாராவது கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே முகத்தில் அனல் அடித்தது.

"அக்கா, இப்ப?"

"எனக்கு ஜில்லுன்னுதான் வருது. உனுக்கு வர்ல?" என் பக்கம் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஐய, உன் மூஞ்சே செவந்துபோச்சு." சொல்லிக்கொண்டே தன் பக்கத்துத் துவாரத்தின் பட்டைகளை அழுத்தி என் பக்கம் திருப்பினார். "இந்தா, என்னுத நீ வாங்கிக்க. நான் நாளெல்லாம் வெயில்ல நிக்கிறவ, எனக்கு இன்னா."

குளிர்ந்த காற்று என் கன்னத்தில் பட்டது. இத்தனை நாளும் அது காலி சீட்டுக்கும் என் கைப்பைக்கும் வீசிக்கொண்டிருந்திருக்கிறது. நன்றிகூட ஒழுங்காகச் சொல்லவில்லை. கூட்ரோட்டில் இறங்கியவர், "போய் முதல்ல சாப்டு" என்று சொல்லிவிட்டு நடந்தார். பெயரைக் கேட்கவில்லையே என்பது ஷெட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

"உங்க பக்கம் மட்டுந்தானா? அப்ப சுலபம்" என்றார் மெக்கானிக். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓட்டுநர் பக்கத்துக் காற்றைச் சூட்டுக்கும் குளிருக்கும் திருப்பிவிடும் சின்ன மோட்டார் ஒன்று சூடேறினால் ஒட்டிக்கொள்கிறதாம். மாற்றிவிட்டார். வேலை முடிந்து வண்டியைத் துடைத்தவர், இடப்பக்கத்துப் பட்டைகள் கோணலாக இருப்பதைப் பார்த்து நேராக்கப் போனார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் மறுபடி அந்தப் பழைய பார்வை பார்த்தார்.

அந்த ஸ்டாப்பிங்கைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்குகிறேன். அவரை மறுபடி பார்க்கவில்லை. பக்கத்து சீட்டு இன்னமும் காலிதான், ஆனால் அந்தப் பக்கத்துக் காற்று இன்றைக்கும் அவர் திருப்பிவிட்டபடியே என் மேல்தான் வீசிக்கொண்டிருக்கிறது.