நிற்கிற நேரத்துக்குக் கூலி

எங்கள் முதலாளியின் ட்ரெய்லர் வண்டிகள் எல்லாவற்றின் பின்னாலும் ஒரு வாசகம் எழுதியிருக்கும்: 'டிரைவர் தேவை. கை நிறைய சம்பளம்.' அதில் பொய் எதுவும் இல்லை. கை மட்டும் கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டும்.

கண்டெய்னர் ஏற்றுகிற ட்ரெய்லரைப் பதினாறு வருஷமாக ஓட்டுகிறேன். ஓட்டுகிறேன் என்பது லைசென்ஸில் உள்ள வார்த்தை. உண்மையில் நான் செய்வது நிறுத்துவது. மணலிப் பக்கம் உள்ள யார்டில் கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குள் போய் இறக்கிவிட்டு வந்தால் ஒரு டிரிப். டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி. தூரத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போய்வருகிற தூரம். ஆனால் எண்ணூர் சாலையில் வரிசை கட்டிவிட்டால் அதைக் கடக்க ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். ஓடுகிற முக்கால் மணி நேரத்துக்குத்தான் கூலி. மிச்ச நேரம் நாங்கள் சொந்த விருப்பத்தில், கடல் காற்று வாங்குவதற்காக அங்கே நிற்பதாகக் கணக்கு.

கத்திரி வெயில் நாளொன்றில் அப்படிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். வரிசையில் சேர்ந்து இரண்டாவது நாள். வண்டி திருவொற்றியூரைத் தாண்டவில்லை. புது வண்டிகளில் ஏசி வருகிறதாம். என் வண்டியில் இருப்பது ஒரு சின்ன மின்விசிறி. சூடான காற்றை முகத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில் அது ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

இந்த வேலையில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஒரு தகுதி. குடித்தால் இறங்க வேண்டும். இறங்கினால் அந்த நேரம் பார்த்துத்தான் வரிசை நகரும். நகர்ந்த இடத்தில் பக்கத்து வண்டிக்காரன் மூக்கை நுழைத்துவிடுவான். தவிர, சாலையின் இரண்டு பக்கமும் வீடுகள். பெண்கள் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருப்பார்கள். எங்கே போய் நிற்பது? ஆகவே நாக்கு ஒட்டாத அளவுக்கு நனைத்துக்கொள்வதோடு சரி. அதைப் பதினாறு வருஷம் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தேன்.

அன்று நண்பகலில் இடுப்புக்குக் கீழே வலதுபுறம் யாரோ திருப்புளியை வைத்துத் திருகுவது போல ஒரு வலி. முதலில் வாயு என்று நினைத்தேன். ஐந்து நிமிஷத்தில் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. கிளட்சை மிதிக்கக் காலைத் தூக்கியபோது கண் இருட்டியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வரிசையில் அனுதாபம் அப்படித்தான் வெளிப்படும்.

ஹாரன் அடித்தவர்களில் ஒருவர் இறங்கி வந்தார். எனக்கு நேர் பின்னால் நின்ற ட்ரெய்லரின் டிரைவர். வண்ணாரப்பேட்டைக்காரர்; வேறு கம்பெனி வண்டி. வரிசையில் பலமுறை பார்த்துப் பழக்கம். பாய் என்றுதான் கூப்பிடுவேன். திட்டுவதற்குத் தயாராக வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டார்.

"இன்னா மாமு, மூஞ்சி இப்டி கீது?"

"வயிறு பாய்... தாங்க முடில."

கைத்தாங்கலாக இறக்கினார். சாலையோரம் குடை நட்டுக் கூழ் விற்கிற அம்மாள் ஒருத்தி இருந்தாள். கடலோரக் குப்பத்தைச் சேர்ந்தவள். பானைக்குப் பக்கத்தில் என்னைப் படுக்கவைத்தார். அவள் ஒரு முறை பார்த்தாள், எங்கே வலி என்று கேட்டாள், நான் கை வைத்த இடத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"இது கல்லு நைனா. எங்கூட்டு ஆளும் இப்டித்தான் உருண்டாரு. கூழு குடிச்சா போற கேஸ் இல்ல இது. ஆஸ்பத்திரிக்குப் போ."

"வண்டி கீதே யக்கா."

"வண்டிக்கா வலிக்குது?"

பதினாறு வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அவள் கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் வந்த ஷேர் ஆட்டோவை நடுரோட்டில் கையைக் காட்டி நிறுத்தினாள். ஓட்டியவன் அவள் கொழுந்தன். உள்ளே இருந்த மூன்று பேரிடம், "எறங்கி அடுத்ததுல வாங்கபா, உயிரு போற கேஸு" என்றாள். இறங்கினார்கள்.

பாய் என் வண்டிச் சாவிக்காகக் கை நீட்டினார். "நீ போ. நான் ரெண்டையும் பாத்துக்கறேன்."

"ரெண்டையும் எப்டி பாய்?"

"உன்து முன்னால கீது. உன்த பத்தடி நவுத்துவேன், எறங்கி வந்து என்த பத்தடி நவுத்துவேன். இன்னா பெரிய விசயம்? எனக்கும் டைம் போகணும்ல."

ஆட்டோவில் சுருண்டு கிடந்தபோது முதலாளியின் போன். மனிதர் நல்லவர். வண்டி பதினைந்து நிமிஷம் நின்றால் விசாரிக்காமல் இருக்க மாட்டார்.

"ஜிபிஎஸ்ல பாக்கறேன்பா, வண்டி நகர ஆரம்பிச்சிடுச்சு. ரொம்ப சந்தோஷம். இப்ப எங்க இருக்க?"

"ஆட்டோல சார்."

"அப்ப வண்டிய யாருப்பா ஓட்டறது?"

விஷயத்தைச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் வந்துவிட முடியுமா என்று கேட்டார். கல்லைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கோபித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்து, சிறுநீர்க் குழாயில் கல் இறங்கியிருக்கிறது என்றார்கள். பரிசோதித்த டாக்டர் இளவயதுப் பெண். பொறுமையாகக் கேட்டாள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"வரிசை எவ்ளோ நீளமோ அதப் பொறுத்து மேடம்."

"புரியல."

புரியவைத்தேன். எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு, தினமும் நான்கு லிட்டர் தண்ணீர் குடியுங்கள், வெயிலில் அதிக நேரம் உட்காராதீர்கள், சிறுநீரை அடக்காதீர்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள். இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் நான் அவளைப் போல டாக்டராகத்தான் ஆக வேண்டும்.

வியாசர்பாடியிலிருந்து என் மனைவி வேலைக்கு அரை நாள் லீவு போட்டு வந்து சேர்ந்தாள். வரும்போது அழுதிருக்கிறாள் என்பது தெரிந்தது. ஆனால் வார்டுக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தை இது:

"கடலாண்ட கொட்டி வெச்சிகிறாங்களே கல்லு, அதுல ஒண்ண எடுத்து முயுங்கிட்டியா?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், வலித்தது. அவள் என் கால்மாட்டில் உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பாய் மறுநாள் காலை வரைக்கும் இரண்டு வண்டிகளையும் மாற்றி மாற்றி நகர்த்தியிருக்கிறார். துறைமுக வாசலுக்குப் பக்கத்தில் போனதும், எங்கள் கம்பெனி டிரைவருக்கான பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள் என்பதால், முதலாளி வேறு டிரைவரை அனுப்பி வண்டியை உள்ளே கொண்டுபோகச் செய்தார். அந்த டிரைவர் ஓட்டியது கடைசிக் கொஞ்ச தூரம். எனக்கு மூன்று நாளில் கல் தானாக விழுந்துவிட்டது. மிளகு அளவுகூட இல்லை. இதற்காகவா அந்தக் கூத்து என்று அவமானமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து யார்டு அலுவலகத்துக்குப் போனேன். டிரிப்பை முடித்தவன் நான் இல்லை என்பதால் டிரிப் கூலி எனக்கு இல்லை என்றார் கணக்குப் பார்க்கிற கிளார்க். முடித்தவருக்கே முழுவதும் கொடுத்தாயிற்றாம். இரண்டு நாள் வெயிலில் காய்ந்தவனுக்கும் ஒன்றுமில்லை, ராப்பகலாக நகர்த்திய பாய்க்கும் ஒன்றுமில்லை. நியாயத்தில் ஓட்டை இல்லை. நாங்கள் யாரும் அதற்குள் நுழைய முடியவில்லை.

அப்போது கிளார்க்குக்குப் போன் வந்தது. சிக்னல் கிடைக்காமல் வெளியே போகும்போது, காற்றில் பறக்கக் கூடாதென்று மேஜையில் இருந்த காகிதங்களை என் கையில் கொடுத்து, "கொஞ்சம் புடிப்பா" என்றார். பிடித்தேன். மேலே இருந்தது சரக்குக்காரருக்கு நாங்கள் அனுப்புகிற பில். என் வண்டி நம்பர் இருந்ததால் பார்த்தேன். வாடகைக்குக் கீழே இன்னொரு வரி: ஹால்டிங் சார்ஜ், இரண்டு நாள். அதாவது வண்டி காத்து நின்றதற்கான பணம். அந்தத் தொகை என் டிரிப் கூலியைவிடப் பெரியது.

பதினாறு வருஷம். எத்தனை வரிசை, எத்தனை நாள் நின்றிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. கோபம்கூட உடனே வரவில்லை. நான் சும்மா நின்றதாக நினைத்துக்கொண்டிருந்தேனே, அவ்வளவு காலமும் சம்பாதித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று ஒரு கணம் பெருமையாகவே இருந்தது.

பில்லோடு முதலாளியின் அறைக்குள் போனேன். அவர் அறையில் ஏசி நன்றாக வேலை செய்கிறது.

"சார், இந்த ஹால்டிங்னு போட்டுகிதே, இது இன்னா சார்?"

பில்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அது வண்டிக்குப்பா. வண்டி நின்னா எனக்கு நஷ்டம் இல்லையா? டியூ கட்டணும், இன்சூரன்ஸ் கட்டணும்."

"வண்டிக்குள்ள நானும்தான சார் இருந்தேன்?"

"உனக்கு டிரிப் காசு குடுக்கறேனே."

"இந்த டிரிப்புக்கு அதுவும் இல்லன்னிட்டாரு."

"கிளார்க் தெரியாம சொல்லியிருப்பாரு. பாதி வாங்கிக்க."

"பாதி வாங்கிக்கறேன். ஹால்டிங்?"

அவர் சிரித்தார். இதெல்லாம் தொழில், உனக்குப் புரியாது என்றார். உன்னை என் தம்பி மாதிரி வைத்திருக்கிறேன் என்றார். அவருடைய தம்பி யாரும் எண்ணூர் சாலையில் நின்று நான் பார்த்ததில்லை. வண்டிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீரம் என்று நினைக்க வேண்டாம். கிளார்க்கிடம் பாதிக் கூலியை வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

நேராகப் பாயைப் பார்க்கப் போனேன். கல்மண்டபத்தில் ஒரு டீக்கடையில் இருந்தார். பணத்தை நீட்டினேன்.

"பேஜாரு பண்ணாத மாமு. பாக்கெட்ல வை," என்று கையைத் தள்ளினார்.

"அப்ப ஒரு விசயம் சொல்றேன் கேளு," என்று பில் கதையைச் சொன்னேன். டீ ஆறிப்போகும் வரை கேட்டார். எங்கள் இருவரில் சர்வீஸ் அதிகம் அவருக்குத்தான். கணக்குப் போட்டால் அவர் சம்பாதித்துக் கொடுத்தது என்னைவிட அதிகம்.

மறுநாள் அவரும் தன் முதலாளியிடம் போய் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அந்த முதலாளி தம்பி, அண்ணன் என்று உறவெல்லாம் கொண்டாடவில்லை. இஷ்டமில்லையென்றால் கிளம்பு என்றாராம். பாய் கிளம்பிவிட்டார். போனில்தான் சொன்னார். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அன்று சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி கேட்டாள், சொன்னேன். "நீ கேட்டது தப்பில்ல. அவரு கேட்டதும் தப்பில்ல. ரெண்டு பேரும் வண்டி ஓட்ற ஆளுங்க. இங்க வண்டி நெறய கீது, ஆளுதான் இல்ல," என்றாள். வண்டிகளின் பின்னால் எழுதியிருப்பதை அவள் எனக்கு முன்பே படித்துவிட்டிருந்தாள்.

அவள் சொன்னபடிதான் நடந்தது. எங்கள் யார்டில் ஆளில்லாமல் ஏற்கெனவே இரண்டு ட்ரெய்லர்கள் புல் முளைத்து நின்றன, என்னுடையதோடு மூன்று. மூன்றாவது வாரம் முதலாளி போன் செய்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். முதல்முறையாகக் கேட்டதால் கொஞ்சம் தடுமாறினார். ஹால்டிங்கில் ஒரு பங்கு தருகிறேன் என்றார். எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். அதிகமில்லை, இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் தண்ணீர் கேனுக்கும் போக வீட்டுக்குக் கொஞ்சம் மிஞ்சும். சரி என்றேன். இன்னொரு டிரைவரும் என்னிடம் இருக்கிறார் என்றேன். கூட்டிவா என்றார்.

பாய் வந்தார். பேசியதெல்லாம் கேட்டார். கடைசியில், "இத ஒரு பேப்பர்ல எய்தி குட்துடுங்க சார்," என்றார்.

முதலாளி முகம் சுளித்தார். "நம்ம கம்பெனியில எழுதிக் குடுக்கற பழக்கமெல்லாம் இல்ல பாய். வாய்வார்த்தைதான்."

"சரி சார். எனக்கும் வாய்வார்த்தைதான். வண்டிய வாயாலயே ஓட்டிக்கறேன்," என்று எழுந்தார்.

கிளார்க் இருமினார். வெளியே மூன்று ட்ரெய்லர்கள் வெயிலில் நின்றன. முதலாளி கம்பெனி பெயர் போட்ட தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து ரப்பர் ஸ்டாம்பும் குத்தியதும் பாய் அதை இரண்டு முறை படித்தார். பிறகு செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"எதுக்கு போட்டோ?" என்றார் முதலாளி.

"ஞாபகத்துக்கு சார்."

அன்று சாயங்காலத்துக்குள் அந்த ஞாபகம் எங்கள் கம்பெனி டிரைவர்கள் அத்தனை பேரின் போனிலும் வந்து சேர்ந்திருந்தது. திங்கட்கிழமை காலை அலுவலக வாசலில் டிரைவர்களின் வரிசை நின்றது. முதலாளி வந்து இறங்கி, இதென்ன கூட்டம் என்று கேட்டார். யாரும் அவசரப்படவில்லை. நிற்பது எங்களுக்குப் பழக்கமான வேலை.