மரைக்கன்றுக்கும் எனக்கும் ஒரே கத்தி

முதலில் வலி தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே ஏதோ வழிந்தது, அவ்வளவுதான். கவ்வாத்துக் கத்திக்கு அந்தக் குணம் உண்டு. தேயிலைக் கொப்பும் மனிதன் காலும் அதற்கு ஒன்றுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. டயகம தோட்டத்தில், காட்டை ஒட்டிய மலையில் கவ்வாத்து நடந்தது. இடுப்பளவு வளர்ந்த தேயிலைச் செடியை முழங்காலளவுக்கு வெட்டி இறக்கும் வேலை. கையை வீசி வெட்டினால்தான் நிரை முடியும். செடிக்கு அடியில் என்ன இருக்கிறதென்று எவனும் குனிந்து பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. கத்தி மெத்தென்று எதிலோ இறங்கியது. குழந்தை வீறிட்டதுபோல் ஒரு சத்தம். பதறி இழுத்த கத்தி என் காலையும் பதம் பார்த்துவிட்டது.

செடிக்கடியில் ஒரு மரைக்கன்று (மரை என்பது காட்டில் திரியும் பெரிய மான்). பிறந்து பத்து நாள்கூட இருக்காது. தாய் மேயப் போகும்போது அதை அங்கே படுக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறது. கன்றும் அசையாமல் கிடந்திருக்கிறது. அதன் தோள் பிளந்திருந்தது. இரண்டு நாள் கறிக்கு ஆச்சு என்றார் கங்காணி. எனக்கு எங்கிருந்து அந்த ரோஷம் வந்ததோ, நான் வெட்டியதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அதைத் தூக்கிக்கொண்டேன். இரண்டு பேர் என்னைத் தாங்கிப் பிடித்து லயத்துக்கு (நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடு) கொண்டுவந்தார்கள்.

தோட்டத்து டிஸ்பென்சர் (மருந்து கொடுப்பவர், எங்களுக்கு அவர்தான் டாக்டர்) யாழ்ப்பாணத்துக்காரர். என் காலுக்கு ஏழு தையல் போட்டார். கெஞ்சிக் கேட்டதும் கன்றின் தோளையும் தைத்து டிங்சர் (காயத்தில் தடவும் எரிமருந்து) தடவினார். மிருகத்துக்கு வைத்தியம் பார்த்ததை வெளியில் சொல்ல வேண்டாம் என்றார். இப்போது சொல்லிவிட்டேன்.

அடுத்து நாங்கள் செய்த தவறுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அடிபட்ட காட்டுயிரை வீட்டில் வைத்துக்கொண்டு விழிக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் வெயில் சீமையிலிருந்து வந்தவர்கள். இந்த மலையில் எங்களுக்கு எல்லா நோய்க்கும் காரணம் குளிர், எல்லா நோய்க்கும் மருந்து அடுப்படி. என் மனைவி பேச்சி கன்றைக் கம்பளியில் சுற்றி அடுப்பருகே கிடத்தினாள். அதன் பக்கத்தில் என்னைப் படுக்க வைத்தாள். கதவைச் சாத்தி இடுக்கில் சாக்கை அடைத்தாள். பாவம், எல்லாம் பாசம்தான். அந்தப் புகைக்குள் இரண்டு பேரும் கிடந்தோம்.

மறுநாள் மாலைக்குள் என் காயம் செப்டிக் (சீழ் பிடித்து அதன் நஞ்சு உடம்பில் ஏறுவது) ஆகிவிட்டது. காய்ச்சல் கொதித்தது. பாலில் நனைத்த துணியைக் கன்று சப்ப மறுத்தது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தது. நான் வெட்டிய உயிர் என் கண்முன்னே போகப்போகிறது என்று அழுதேன். காய்ச்சலில் அழுதேன் என்று பேச்சி லயம் பூராவும் சொன்னாள். காய்ச்சலால் இல்லை.

தையலைப் பிரித்துச் சீழை வடிக்க வந்த டிஸ்பென்சர் வாசலிலேயே நின்று இருமினார்.

"குளிருக்குள்ள பிறந்த சீவனை ஏன் நெருப்படியில கிடத்தியிருக்கிறியள்?" என்று கேட்டார். "வெளியில விடுங்கோ."

"பச்சக் குழந்தைங்கய்யா அது. பனியில செத்துப் போயிருமுங்க," என்றாள் பேச்சி.

"இவ்வளவு நாளும் பனியிலதானே இருந்தது?"

பேச்சி கம்பளியை உருவிவிட்டுக் கன்றைத் தூக்கினாள். எங்கள் காம்பறா லயத்தின் கடைசி அறை. வாசலில் நின்றால் எங்கள் கோவா (முட்டைக்கோஸ்) பாத்தியும் அதற்கப்பால் காடும் தெரியும். பாத்தியின் காட்டோரத்தில் காய்ந்த மானாப்புல்லைப் பரப்பிக் கன்றைக் கிடத்தினாள். நாய்களைக் கட்டிப்போடச் சொல்லி வீடு வீடாகப் போனாள். டிஸ்பென்சர் எங்கள் கதவையும் திறந்து வைக்கச் சொன்னார். எனக்குப் பல் கிட்டியது. ஆனால் மூச்சு நெஞ்சுவரை போனது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் கன்றின் இரைப்பும் அடங்கிவிட்டது.

விடியும்போது, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன்பே பால் கொண்டுபோன பேச்சி, போன வேகத்தில் திரும்பி வந்தாள். என்னை எழுப்பி, அணைத்துப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோனாள்.

கோவாவுக்கு நடுவே, பனிக்குள், தாய் மரை நின்றது. என் நெஞ்சளவு உயரம். அத்தனை சனம் குடியிருக்கும் லயத்திலிருந்து இருபதடி தூரத்தில், மூக்கில் ஆவி பறக்க நின்றது. கன்று ஒரு முன்னங்காலை மடக்கிக்கொண்டு மூன்று காலில் நின்று பால் குடித்தது. தாய் அடிக்கடி குனிந்து டிஸ்பென்சர் போட்ட தையலை நக்கியது. எங்களை நிமிர்ந்து பார்த்தது. ஓடவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. காலில் வலி இருந்ததா என்று இன்றும் நினைவில்லை.

எங்கள் சுவரோரத்து ஈர மண்ணில் அதன் குளம்படிகள். சில புதியவை, பல முந்திய நாளுடையவை. நாங்கள் கதவடைத்துக் கிடந்த நேரமெல்லாம் அது எங்கள் சுவரைச் சுற்றி வந்திருக்கிறது.

"நம்மதாங்க தாயையும் புள்ளயையும் பிரிச்சி வச்சிருந்தோம்," என்றாள் பேச்சி. பால்கிண்ணம் அவள் கையிலேயே இருந்தது.

ஐந்து விடியற்காலை அது வந்தது. ஆறாம் நாள் கன்று நொண்டிக்கொண்டே அதன் பின்னால் காட்டுக்குள் போய்விட்டது. பாத்தியில் ஒரு கோவாகூட மிஞ்சவில்லை.

அதனால் சொல்கிறேன்: உங்களுக்கு எது சுகமோ அதை அந்த உயிருக்குச் செய்யாதீர்கள். கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். தேடி வருகிறவர்கள் இருப்பார்கள்.

என் கால் ஆறப் பத்து வாரம் ஆனது. முழங்கால் முழுக்க மடங்காது. இப்போது ஒவ்வொரு செடிக்கு அடியிலும் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுகிறேன். நிரை முடிய எல்லோருக்கும் பிந்துகிறேன். மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கத்துகிறார், கத்தட்டும். பெரும்பாலும் கையில் படுவது குளிர்ந்த சருகுதான். ஒரு நாள் மட்டும் சருகு வெதுவெதுப்பாக இருந்தது. ஏதோ ஒன்று இப்போதுதான் எழுந்து போயிருக்கிறது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சூடு ஆறும்வரை கையை அங்கேயே வைத்திருந்தேன்.