அண்ணன் ஒட்டிய சுவரொட்டி

எங்கள் அண்ணன் போய் ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரில் அவருடைய தயாள குணத்தை அத்தான் எழுதியிருக்கிறார். பக்தியைச் சித்தப்பா எழுதியிருக்கிறார். இரண்டும் உண்மை. உடன்பிறந்த தங்கையான எனக்கு மிச்சம் விட்டது வாலிபால் மட்டும்தான். அதை எழுதினால் முழுசாகத்தான் எழுதுவேன் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

இராஜபாளையத்தில் மில் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார் அண்ணன். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, அம்மாவும் அதே மில்லில் வேலை பார்த்து எங்களை ஆளாக்கினார். அரை வயிற்றுச் சோற்றில் அண்ணன் எப்படி ஆறடி வளர்ந்தார் என்பது எங்களுக்கே ஆச்சரியம். அந்த உயரம் அவரைக் கல்லூரி அணியின் கேப்டன் ஆக்கியது.

எங்கள் கல்லூரிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரிக்கும் வருடா வருடம் ஒரு போட்டி. பஸ்ஸில் அரைமணி நேரத் தூரம்தான். ஆனால் பங்காளிச் சண்டை தோற்றுவிடும். அவர்கள் எங்களை நாய்க்காரர்கள் என்பார்கள். நாங்கள் அவர்களைப் பால்கோவா என்போம். தோற்ற கேப்டனுக்கு ‘கண்ணீர் அஞ்சலி’ அச்சடித்து, அவர்கள் ஊர் பஸ் நிலையத்திலேயே ஒட்டுவது ஜெயித்தவர்களின் வழக்கம். பெயரைப் போட்டு, கீழே ‘இப்படிக்கு வருந்தும் பந்தும் வலையும்’ என்று கேலி செய்திருப்பார்கள். இரண்டு ஊரும் சிரித்துவிட்டுப் போகும்.

அண்ணனின் கடைசி வருடத்தில் நாங்கள் ஜெயித்தோம். எதிரணிக் கேப்டன் பக்கத்துக் கிராமமான வ. புதுப்பட்டிக்காரர். பெயரோடு படமும் போடலாம் என்றது அண்ணன்தான். போட்டிக்கு அவர் கொடுத்த படிவத்திலிருந்து படத்தைப் பிய்த்து எடுத்தார். சுற்றிலும் மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. பசை காய்ச்சிக் கொடுத்தது நான்.

மறுநாள் காலை, மடவார் வளாகம் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, விடுதியில் இருக்கும் மகனையும் பார்க்கலாம் என்று அந்தக் கேப்டனின் அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கினார். படிக்கத் தெரியாதவர். வெறும் பெயராக இருந்திருந்தால் கடந்து போயிருப்பார். மகனின் படத்தைப் பார்த்த இடத்திலேயே விழுந்தார். ஒரு பக்கம் கையும் காலும் போயின. பேச்சும் போனது.

செய்தி வந்தபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “வெளாட்டுக்கு ஒட்டுனதப் பாத்து விழுந்தா நா என்ன செய்ய?” என்றார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். நானும் போட்டேன்.

பிறகு அவரும் மில்லில் சேர்ந்தார். என் கல்யாணத்தை முன்னின்று நடத்தினார். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொன்னதில்லை. ஒவ்வொரு வருடமும் அந்தப் போட்டியைப் பார்க்கப் போவார். மைதானத்தின் எதிர்ப்பக்கம் புதுப்பட்டிக்காரரும் நிற்பார். நடுவில் இருந்த முப்பது நாற்பது அடியை அண்ணன் ஒருநாளும் கடக்கவில்லை.

நுரையீரல் கெட்டுப் படுத்த பிறகுதான் வாய்விட்டு அழுதார். “ஏட்டி, அவிய காலுல விழுந்துட்டா நிம்மதியாப் போயிருவேன். ஒருக்கா கூட்டிட்டு வாயேன்.”

புதுப்பட்டிக்குப் போனேன். அவர் நாற்காலி எடுத்துப் போட்டார், காப்பி கொடுத்தார்.

“எங்கம்மா ஏழு வருசம் கெடந்தா தாயி. நா கிட்டப் போனா மூக்குல கைய வச்சு மூச்சு வருதான்னு பாப்பா. செத்த நேரம் வெளிய போனாலும் அழுவா. வந்த வேலைக்குக்கூட நா போவல.”

“மன்னிப்புக் கேக்கணும்னு உசுர வச்சுக்கிட்டு கெடக்காவ, அண்ணாச்சி.”

“வாரேன்னு சொல்லுங்க” என்றார்.

அன்றிலிருந்து அண்ணன் தினமும் சவரம் செய்யச் சொல்லி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலையே பார்த்துக் கிடந்தார். ஆட்டோ சத்தம் கேட்டால் எழுந்து உட்காரப் பார்ப்பார். பத்தொன்பது நாள் இப்படிப் போனது. இருபதாம் நாள் விடியலில் அந்தச் சட்டையோடே போய்விட்டார்.

முகம் சுளிக்காமல் மலம் அள்ளிய நர்சம்மாவுக்கும், கடைசிவரை சவரம் செய்துவிட்ட மருமகனுக்கும், தோள் கொடுத்த மில் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

புதுப்பட்டிக்காரரும் வந்தார். எடுப்பதற்குச் சற்று முன்னால், பெரிய ரோஜா மாலையோடு வந்து போட்டார். “வாரேன்னு சொன்னீகளே அண்ணாச்சி” என்று கேட்டேன்.

“வந்துட்டேன்ல தாயி. போஸ்டர் ஒட்டட்டும்னு இருந்தேன்” என்றார்.

மருமகன் அடிக்கப் பாய்ந்தான். நான் தடுத்துவிட்டேன். துக்க வீட்டின் மரியாதைக்காகத் தடுத்தேன் என்று இன்றுவரை எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அண்ணனுக்கு இது வேண்டியதுதான் என்று அவர் தலைமாட்டில் நின்றுகொண்டே நினைத்தேன். அதனால்தான் தடுத்தேன்.