மகளின் முழங்கை

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் குடியிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை மூன்று வயது மகளோடு பல்லாவரம் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது, பஸ் கிளம்பிவிடுமே என்ற அவசரத்தில், படியேறத் தயங்கியவளை மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று மேலே இழுத்தேன். வீறிட்டாள். பிறகு அந்தக் கையை அசைக்கவே இல்லை.

“கொயந்த கையத் தூக்க மாட்டேங்குதும்மா, டாக்டராண்ட காட்டு” என்றார் கண்டக்டர்.

வீட்டில் கணவர் பதறிப்போய்க் கேட்டபோது, “சந்தையில விழுந்துட்டா” என்று சொல்லிவிட்டேன். கணவரும் கூட வர, டாக்டரிடம் போனபோது அங்கேயும் அதையே சொன்னேன். அவர் முழங்கையை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

“விழுந்தா இப்படி ஆகாதும்மா. முழங்கை கதவுக் கீல் மாதிரி மடங்கி நீளும். உள்ளங்கையைத் திருப்பும்போது அங்கயே ஒரு எலும்பு சுழலும். சின்னக் குழந்தைக்கு அதைப் பிடிச்சிருக்கிற நார் உறுதியா இருக்காது. கையைப் பிடிச்சு இழுத்தா நழுவிடும்.”

சொல்லிக்கொண்டே அவள் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, முழங்கையை மடக்கினார். ‘டக்’கென்று சின்னச் சத்தம். சற்று நேரத்தில் அழுகை ஓய்ந்து, அதே கையால் மேஜைமேல் இருந்த டார்ச் லைட்டை எடுத்தாள்.

கணவர் என்னைப் பார்த்தார்.

“நான்தாங்க இழுத்தேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றார், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

வெளியே வந்ததும் மகள் என் விரலைப் பிடித்துக்கொள்ளக் கை நீட்டினாள். அந்தக் கையைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தேன்.